ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு நூறு கிலோ கரும்பு: எத்தனால் ரிஃபார்மிங்கின் கணக்கு வழக்கு

பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழக வளாகத்தில் 2025 பிப்ரவரியில் ஒரு சின்ன ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரு முனையில் கரும்பு எத்தனால் உள்ளே போகிறது, மறுமுனையில் ஹைட்ரஜன் வெளியே வருகிறது. திறன் நாளொன்றுக்கு 100 கிலோ. அதைப் பேருந்துகளிலும், டொயோட்டா மிராய், ஹூண்டாய் நெக்ஸோ கார்களிலும் நிரப்பி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஷெல் நிறுவனம் பணம் போட, உள்ளூர் நிறுவனமான ஹைட்ரான் இயந்திரத்தைக் கட்டியது.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எத்தனாலே ஓர் எரிபொருள்தானே, அதை எதற்கு இன்னோர் எரிபொருளாக மாற்ற வேண்டும்? மாற்றும்போது கரியமில வாயு வெளியேறுகிறதே, அப்புறம் எப்படி இதைப் பசுமை என்கிறார்கள்? இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் பாதிப் பதில்தான். மீதிப் பாதி உலையில் இல்லை, வயலில் இருக்கிறது.

ஹைட்ரஜன் இப்போது எங்கிருந்து வருகிறது?

உலகம் 2023இல் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 9.7 கோடி டன். அதில் பெரும்பகுதி கார்களுக்குப் போகவில்லை. பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், உரத்துக்கான அம்மோனியா தயாரிப்புக்கும், மெத்தனாலுக்கும் போனது. இத்தனையும் ஏறக்குறைய முழுவதுமாக இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்பட்டது. கார்பன் உமிழ்வு குறைந்த வழிகளில் கிடைத்தது 1 சதவீதம்கூட இல்லை.

இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் முறைக்குத்தான் ஸ்டீம் ரிஃபார்மிங் என்று பெயர். மீத்தேனையும் நீராவியையும் 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிக்கல் வினையூக்கியின் மேல் விடுவார்கள். இரண்டும் உடைந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். இது பல பத்தாண்டுகளாகப் பழகிய தொழில்நுட்பம், மலிவானதும்கூட.

சாவோ பாவுலோவில் நடப்பதும் இதே வேலைதான். மீத்தேன் இருந்த இடத்தில் எத்தனாலை வைத்திருக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மீத்தேனில் கார்பன் அணு ஒன்றுதான்; எத்தனாலில் இரண்டு, கூடவே ஓர் ஆக்சிஜனும் உண்டு. வேதியியலில் எல்லாத் தலைவலியும் அந்தக் கூடுதல் கார்பன் பிணைப்பிலிருந்து தொடங்குகிறது.

உலைக்குள் என்ன நடக்கிறது?

ஏட்டுக் கணக்கு இது: ஒரு எத்தனால் மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளும் சேர்ந்தால் இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளும் ஆறு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் கிடைக்கும். எடையில் பார்த்தால் எண்கள் அழகாக அமைகின்றன. 46 கிலோ எத்தனாலும் 54 கிலோ தண்ணீரும் சேர்ந்து 100 கிலோ உள்ளே போனால், 88 கிலோ கரியமில வாயுவும் 12 கிலோ ஹைட்ரஜனும் வெளியே வரும். அந்த 12 கிலோவில் சரிபாதி எத்தனாலிலிருந்து வந்தது, மறுபாதி தண்ணீரிலிருந்து வந்தது. நீராவி இங்கே வெறும் சூடேற்றும் ஊடகம் இல்லை, அதுவும் மூலப்பொருள்தான்.

இந்த வினை தானாக ஓடாது. வெப்பத்தை விழுங்கும் வினை இது. ஒரு மோல் எத்தனாலுக்குச் சுமார் 174 கிலோஜூல் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். ஆலையில் படிகள் இப்படிப் போகும்:

1. ஆவியாக்கல். எத்தனாலையும் தண்ணீரையும் கலந்து கொதிக்கவைத்து ஆவியாக்குவார்கள். ஏட்டுக் கணக்கில் வேண்டியதைவிடக் கூடுதலாகவே தண்ணீர் சேர்ப்பது வழக்கம். நீராவி குறைந்தால் வினையூக்கியில் கரி படியும். கூடினால் அதைக் கொதிக்கவைக்கும் செலவு ஏறும்.

2. ரிஃபார்மர். வினையூக்கி நிரப்பிய குழாய்கள். சூடு 500 டிகிரிக்குக் கீழே இருந்தால் எத்தனாலின் கார்பன் பெருமளவு மீத்தேனாகப் போய்விடும். 700 டிகிரி, அதற்கும் மேலே போனால் மீத்தேன் உடைந்து ஹைட்ரஜன் கூடும், ஆனால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் வடிவமைப்பாளரின் முதல் முடிவு.

3. ஷிஃப்ட் உலை. கார்பன் மோனாக்சைடோடு மீண்டும் நீராவியைச் சேர்த்து, கரியமில வாயுவும் கூடுதல் ஹைட்ரஜனும் ஆக்குவது. முதலில் 350 முதல் 450 டிகிரியில் இரும்பு சார்ந்த வினையூக்கி, பிறகு 200 டிகிரிக்குச் சற்று மேலே செம்பு சார்ந்த வினையூக்கி. இந்த வினை வெப்பத்தை வெளிவிடும்.

4. தூய்மைப்படுத்தல். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்துக் காரை ஓட்டும் ஃபியூயல் செல்லின் பிளாட்டினத்துக்குக் கார்பன் மோனாக்சைடு விஷம். வாகன ஹைட்ரஜனுக்கான சர்வதேசத் தரம் அனுமதிப்பது 1 கோடியில் 2 பங்கு மட்டும். அதனால் வாயுக்கலவையை உறிஞ்சு துகள்கள் நிரப்பிய கலன்களில் அழுத்தி அனுப்புவார்கள். மற்ற வாயுக்கள் ஒட்டிக்கொள்ளும், ஹைட்ரஜன் நழுவிப் போய்விடும். பிறகு அழுத்தத்தைக் குறைத்து, ஒட்டியதைக் கழற்றி எடுப்பார்கள். இதற்கு பிஎஸ்ஏ என்று பெயர்.

நான்காவது படியில் கழன்று வரும் கழிவு வாயுவில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் மிச்சம் இருக்கும். அதைத்தான் திருப்பிக் கொண்டுபோய் இரண்டாவது படியின் குழாய்களைச் சூடேற்ற எரிப்பார்கள். ஆக, உள்ளே போகும் எத்தனாலில் ஒரு பங்கு தன்னைத்தானே சமைத்துக்கொள்ளச் செலவாகிறது. பின்னால் வரும் கணக்குக்கு இது முக்கியம்.

எத்தனாலுக்கு இங்கே ஒரு சாதகமும் உண்டு. புளிக்கவைத்த சாற்றில் எத்தனால் 8 முதல் 12 சதவீதம்தான் இருக்கும். அதை வடித்துக்கொண்டே போனால் 95.6 சதவீதத்தில் (எடையில்) ஒரு சுவர் வந்து நிற்கும். அதற்கு மேல் சாதாரண வடிப்பால் தண்ணீரைப் பிரிக்க முடியாது. பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதத் தூய்மை வேண்டும் என்பதால் மூலக்கூறு சல்லடை வைத்து மீதித் தண்ணீரை எடுக்கிறார்கள். ரிஃபார்மிங்குக்கோ எப்படியும் பாதிக்கு மேல் தண்ணீர் சேர்க்கத்தான் போகிறோம். அப்படியிருக்க, கஷ்டப்பட்டு எடுத்த தண்ணீரை மறுபடி ஊற்றுவானேன்? வடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே அனுப்பலாம். ஆனால் இந்தச் சேமிப்புக்கும் எல்லை உண்டு. அரைகுறையாக வடித்த எத்தனாலில் ஃபியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்கள் தங்கிவிடும். அவை கரி படிவதை வேகப்படுத்தும்.

கரி என்ற பெரும் பகை

எத்தனால் நேராக ஹைட்ரஜன் ஆவதில்லை. வழியில் பல கிளைகள். ஹைட்ரஜனை மட்டும் இழந்தால் அசிட்டால்டிஹைடு ஆகும். அது பரவாயில்லை, மேலே உடைந்து நல்ல வழிக்கே வரும். தண்ணீரை இழந்தால் எத்திலீன் ஆகும்; அதுதான் ஆபத்து. எத்திலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கடைசியில் திடக் கரியாகப் படிந்துவிடும்.

மீத்தேன் ஆலைகளில் நிக்கலைத் தாங்கி நிற்பது அலுமினா. அதன் மேற்பரப்பில் அமிலத்தன்மை உண்டு, அந்த அமிலம்தான் எத்தனாலை எத்திலீன் பக்கம் தள்ளிவிடுகிறது. எனவே மீத்தேனுக்குப் பழகிய வினையூக்கியை அப்படியே எடுத்துப் போட்டால் காரியம் கெட்டுவிடும். காரத்தன்மை கொண்ட மக்னீசியம் ஆக்சைடு, லாந்தனம் ஆக்சைடு, ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கத் தெரிந்த சீரியம் ஆக்சைடு ஆகியவற்றை ஆய்வாளர்கள் நாடுவது இதனால்தான்.

நிக்கல்மேல் கரி படிவதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த படங்கள் ஆராய்ச்சி இதழ்களில் நிறைய உண்டு. தட்டையாக மூடுவது ஒரு வகை. இன்னொரு வகை விசித்திரமானது. நிக்கல் துகளின் ஒரு பக்கம் கார்பன் கரைந்து உள்ளே போய், மறுபக்கம் இழையாக வளர்கிறது. வளரும் இழை, நிக்கல் துகளை அது ஒட்டியிருந்த இடத்திலிருந்து பெயர்த்துத் தன் நுனியில் தூக்கிக்கொண்டு போகிறது. இழைகள் பெருகப் பெருக வினையூக்கி உருண்டைகள் உள்ளிருந்தே வெடித்துத் தூளாகும், குழாய் அடைத்துக்கொள்ளும். காற்றையோ நீராவியையோ செலுத்தி அவ்வப்போது கரியை எரித்தெடுக்கலாம், ஆனால் பெயர்ந்த நிக்கல் பழைய இடத்துக்குத் திரும்பாது.

ரோடியம் என்ற உலோகம் இதில் கெட்டிக்காரத்தனமானது. கார்பன் பிணைப்பை எளிதில் உடைக்கும், கரியும் குறைவாகவே படியும். ஆனால் அது பிளாட்டினம் வகை உலோகம், விலை மிக அதிகம். 2004இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லானி ஷ்மிட் குழு ரோடியத்தையும் சீரியம் ஆக்சைடையும் வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. எத்தனால், தண்ணீர், காற்று மூன்றும் கலந்த ஆவியை வினையூக்கியின் ஊடே 10 மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் கடக்கவிட்டார்கள். எத்தனாலைத் தூவுவதற்குப் பயன்படுத்தியது கார் எஞ்சினில் இருக்கும் சாதாரண இன்ஜெக்டர். கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்ததால் எத்தனாலில் ஒரு பகுதி அங்கேயே எரிந்து தேவையான சூட்டைத் தந்துவிட்டது, வெளியிலிருந்து அடுப்பு வேண்டியதில்லை. இப்படித் தானே சூடேற்றிக்கொள்ளும் முறையை ஆட்டோதெர்மல் ரிஃபார்மிங் என்பார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு: ஏட்டுக் கணக்கிலேயே ஆறுக்குப் பதில் ஐந்து ஹைட்ரஜன் மூலக்கூறுகள்தான் கிடைக்கும்.

கணக்கு: லிட்டர், கரும்பு, ரூபாய், கரியமில வாயு

செய்திகள் பொதுவாக இந்த இடத்தில் நின்றுவிடும். நாம் பென்சிலை எடுப்போம்.

ஏட்டுக் கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 3.8 கிலோ எத்தனால் போதும், அதாவது 4.9 லிட்டர். ஆனால் சூடேற்றவும் தூய்மைப்படுத்தவும் ஆகும் இழப்பைச் சேர்க்க வேண்டும். உள்ளே போகும் எத்தனாலின் ஆற்றலில் முக்கால் பங்கு ஹைட்ரஜனாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் (இது மோசமான ஆலைக்கான எண் இல்லை), ஒரு கிலோவுக்கு 7.5 லிட்டர் ஆகிறது. இதிலிருந்து நான்கு விஷயங்கள் கிளைக்கின்றன.

1. கரும்பு. நேரடியாகச் சாற்றிலிருந்து எடுத்தால் ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 70 லிட்டர் எத்தனால். ஆக ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு நூறு கிலோவுக்குச் சற்று மேல் கரும்பு. ஃபியூயல் செல் கார் ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு ஒரு கிலோ கரும்பு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

2. ஆதாயம். அதே 7.5 லிட்டரை நேராக எத்தனால் எஞ்சினில் ஊற்றினால்? லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 75 கிலோமீட்டர். ஹைட்ரஜனாக மாற்றியதால் கிடைத்த கூடுதல் 25 கிலோமீட்டர். ஹைப்ரிட் எத்தனால் கார் என்றால் அந்த இடைவெளியும் பெரும்பாலும் கரைந்துவிடும். எத்தனாலே எரிபொருள்தானே என்று கேட்டவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

3. விலை. இந்தியாவில் 2024–25 பருவத்தில் எண்ணெய் நிறுவனங்கள் கொள்முதல் செய்த விலை: எடுக்க முடிந்த சர்க்கரையை எல்லாம் எடுத்தபின் மிஞ்சும் சி-ஹெவி மொலாசஸ் என்ற பாகிலிருந்து வரும் எத்தனால் லிட்டருக்கு 57.97 ரூபாய், கரும்புச்சாற்று எத்தனால் 65.61 ரூபாய், மக்காச்சோள எத்தனால் 71.86 ரூபாய். 7.5ஆல் பெருக்கினால் 435 முதல் 540 ரூபாய். இது மூலப்பொருள் செலவு மட்டும், இயந்திரமும் ஆளும் இதில் சேரவில்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் ஆகும். யூனிட் 5 ரூபாய் என்றால் மின்செலவு 250 முதல் 275 ரூபாய்.

4. கரியமில வாயு. 7.5 லிட்டர் எத்தனாலில் உள்ள கார்பன் முழுவதும் கடைசியில் கரியமில வாயுவாகத்தான் வெளியேறும். அது 11 கிலோவுக்கு மேல். இயற்கை எரிவாயு ஆலையின் 9–10 கிலோவைவிட அதிகம்!

நான்காவதைப் படித்துவிட்டு, எல்லாம் ஏமாற்று என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புகைபோக்கியில் வரும் இந்த 11 கிலோ, கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்தது. அடுத்த பயிர் திரும்ப எடுத்துக்கொள்ளும். எரிவாயுவின் 9 கிலோவோ நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்தது. வெளியே வந்தால் கூடுதல் சுமைதான். வழக்கமான பதில் இதுவே. தவறில்லை. ஆனால் இது பாதிப் பதில் என்று மேலே சொன்னதற்குக் காரணம், கரும்பு தானாக வளர்ந்து தானாக ஆலைக்கு நடந்து வருவதில்லை என்பது.

யூரியா தயாரிக்க எரிவாயு வேண்டும். வயலில் இட்ட யூரியாவில் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கும்; அது வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிட 270 மடங்கு வலிமையானது. டிராக்டர், லாரி, பம்புசெட் எல்லாம் டீசலும் மின்சாரமும் கேட்கும். இவற்றைக் கூட்டினால், சக்கையை எரித்தே ஆலையை ஓட்டும் நல்ல கரும்பு எத்தனாலுக்குக்கூட ஒரு மெகாஜூலுக்கு 20 முதல் 30 கிராம் கரியமில வாயு என்ற அளவில் வரும். 7.5 லிட்டரில் சுமார் 160 மெகாஜூல் உண்டு. ஆக ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 3 முதல் 5 கிலோ கரியமில வாயு. எரிவாயு வழியில் ஏறக்குறைய பாதி, அல்லது அதற்கும் குறைவு, சரி. ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் எண்: இந்தியாவின் சாதாரண மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துத் தண்ணீரைப் பிரித்தால் ஒரு கிலோவுக்கு 35 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும், ஏனென்றால் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. மின்னாற்பகுப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே பசுமை என்று நினைத்துவிட முடியாது.

அப்படியென்றால் எதற்காகச் செய்கிறார்கள்?

ஹைட்ரஜனின் பெரிய குறை, அதைத் தூக்கிச் செல்வது. 200 மடங்கு காற்றழுத்தத்தில் எஃகு உருளைகளில் அடைத்து வரும் ஒரு டிரெய்லர் லாரி, தன் பிரம்மாண்ட எடையில் 300 கிலோ அளவுக்குத்தான் ஹைட்ரஜன் கொண்டுவரும். 20,000 லிட்டர் எத்தனால் டேங்கர் ஒன்று வந்தால், அதிலிருந்து 2,600 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் எடுக்கலாம். எட்டொன்பது லாரி செய்யும் வேலையை ஒன்று செய்துவிடுகிறது. அதுவும் சாதாரணத் தொட்டியில், சாதாரண அழுத்தத்தில், ஏற்கெனவே இருக்கும் ஓட்டுநரை வைத்தே.

பிரேசிலுக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை. 1975இல் தொடங்கிய எத்தனால் திட்டத்தின் பலனாக நாடு முழுக்க பெட்ரோல் பங்குகளில் எத்தனால் கிடைக்கிறது. தண்ணீர் கலந்த எத்தனாலையே அங்கே நேராகக் கார்களில் நிரப்புகிறார்கள். ஹைட்ரஜன் குழாய் பதிக்க வேண்டாம், உருளை லாரி ஓட்ட வேண்டாம். நிரப்பும் இடத்திலேயே தேவைக்கு உற்பத்தி செய்துகொள்ளலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

நிசான் இதையே காருக்குள் செய்து பார்த்தது. 2016இல் அது காட்டிய சோதனை வேனில் 30 லிட்டர் எத்தனால் தொட்டி, ரிஃபார்மர், 5 கிலோவாட் திட ஆக்சைடு ஃபியூயல் செல், 24 கிலோவாட் மணி பேட்டரி. ஓடும் தூரம் 600 கிலோமீட்டருக்கு மேல் என்றார்கள். திட ஆக்சைடு வகையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது: அது 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்குவதால் கார்பன் மோனாக்சைடு அதற்கு விஷமில்லை, அதையும் எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது படிகளே தேவைப்படாது. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் 700 டிகிரி உடனே வராது. பேட்டரி விலை மளமளவென்று இறங்கிய காலம் அது. அந்த வேன் சந்தைக்கு வரவில்லை.

நிலையான நிரப்பு நிலையத்துக்கும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. ரிஃபார்மரைத் தினமும் அணைத்துப் பற்றவைத்தால் குழாயும் வினையூக்கியும் சீக்கிரம் பழுதாகும். தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் தொடர்ந்து வாங்குவதற்கு வண்டிகள் வேண்டும்.

சாற்றைவிடச் சக்கையில் அதிகம்

பயோமாஸ் என்பது வைக்கோல், சக்கை, மரத்தூள், தேங்காய் மட்டை போன்ற தாவரப் பொருள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இவற்றைப் புளிக்கவைத்து எத்தனால் ஆக்குவது கடினம், ஆனால் சூட்டில் உடைத்து வாயுவாக்குவது முடியும். காற்றை அளந்துவிட்டு 800–900 டிகிரியில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் கலந்த வாயு வரும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜனும் நீராவியும் விட்டால் நைட்ரஜன் கலப்பின்றி ஹைட்ரஜன் பங்கு உயரும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் தாசப்பா குழு இந்த முறையை உருவாக்கி 2022இல் அறிவித்தது. ஒரு கிலோ பயோமாஸிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கிலோ காய்ந்த பயோமாஸுக்குள்ளேயே இருக்கும் ஹைட்ரஜன் 60 கிராம்தான். மீதி, எத்தனாலில் பார்த்ததுபோலவே, நீராவியிலிருந்து வருகிறது.

இந்த எண்ணைக் கரும்போடு பொருத்திப் பாருங்கள். 100 கிலோ கரும்பைப் பிழிந்தால் சுமார் 28 முதல் 30 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். உலர்ந்த கணக்கில் 14–15 கிலோ. அதை வாயுவாக்கினால் ஏறக்குறைய 1.4 கிலோ ஹைட்ரஜன். அதாவது சாற்றைப் புளிக்கவைத்து, வடித்து, ரிஃபார்மரில் விட்டு எடுக்கும் ஒரு கிலோவைவிட, தூக்கிப்போடும் பொருள் என்று நாம் நினைக்கும் சக்கையில் அதிகம் இருக்கிறது. சாறு சர்க்கரையாகவோ திரவ எரிபொருளாகவோ அப்படியே இருக்கட்டும், ஹைட்ரஜனுக்குச் சக்கையைப் பாருங்கள் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஆனால் சக்கையை யாரும் தூக்கிப்போடுவதில்லை. சர்க்கரை ஆலையின் கொதிகலன் அதில்தான் ஓடுகிறது, மிஞ்சும் மின்சாரம் விற்பனைக்குப் போகிறது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காகிதக் கூழுக்கே சக்கையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஹைட்ரஜன்காரர் வந்து கேட்டால் இவர்களோடு விலையில் போட்டி போட வேண்டும்.

தொழில்நுட்பத்திலும் தடைகள் உண்டு. முதலாவது தார். வாயுவாக்கத்தில் முழுதாக உடையாத கனமான சேர்மங்கள் ஆவியாகக் கூடவே வந்து, குளிர்ந்த இடத்தில் கறுப்புப் பிசினாகக் குழாயில் படியும். அடுத்தது சாம்பல். மரத்தில் 1 சதவீதம் இருக்கும் சாம்பல் நெல் வைக்கோலில் 15 சதவீதத்தைத் தாண்டும், பெரும்பகுதி சிலிக்கா. அதோடு பொட்டாசியம் சேர்ந்தால் சூட்டில் உருகிக் கண்ணாடிக் கட்டியாக அடைத்துக்கொள்ளும். குளோரினும் கந்தகமும் வினையூக்கியைக் கொல்லும்.

இவற்றைச் சுற்றிப்போகச் சில மாற்று வழிகள் இருக்கின்றன, சுருக்கமாக:

1. காற்றில்லாமல் 500 டிகிரியில் வேகமாகச் சூடாக்கினால் பயோமாஸ் கறுப்புத் திரவமாக மாறும். அதை டேங்கரில் கொண்டுபோய் ஒரே இடத்தில் ரிஃபார்ம் செய்யலாம். கரி படியும் தொல்லை எத்தனாலைவிடப் பல மடங்கு.

2. 2002இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டுமெசிக் குழு, சர்க்கரைக் கரைசலையும் கிளிசராலையும் ஆவியாக்காமலே, அழுத்தத்தில் திரவமாக வைத்து 225 டிகிரியை ஒட்டிய சூட்டில் பிளாட்டினம்மேல் உடைத்துக் காட்டியது. அழகான வேதியியல், விலை உயர்ந்த வினையூக்கி.

3. சாணம், ஆலைக் கழிவுநீர், சர்க்கரை ஆலை மட்டி (சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் சேறு) இவற்றிலிருந்து வரும் பயோகேஸில் 55–60 சதவீதம் மீத்தேன். கந்தகத்தை நீக்கிவிட்டால் பழைய மீத்தேன் ரிஃபார்மரே போதும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்பதே இதன் பலம்.

இந்திய விதி எங்கே கோடு போடுகிறது?

மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. எது பசுமை என்ற வரையறை அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, 12 மாத சராசரியில், 2 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வைத் தாண்டக் கூடாது. மின்னாற்பகுப்பும் பயோமாஸ் வழியும் இரண்டுமே இந்த வரையறைக்குள் வருகின்றன.

பயோமாஸ் வழிக்கு எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்றும் அந்த வரையறை சொல்கிறது: பயோமாஸைப் பதப்படுத்துவது, வெப்பமும் நீராவியும் தயாரிப்பது, ஹைட்ரஜனாக மாற்றுவது, தூய்மைப்படுத்தி உலர்த்தி அழுத்துவது. தாவரக் கார்பனிலிருந்து வரும் கரியமில வாயு கணக்கில் சேராது. பட்டியலில் வயல் இல்லை. வைக்கோல் போன்ற எச்சத்துக்கு இது நியாயம்தான். உரம் நெல்லுக்குப் போட்டது, வைக்கோலுக்கு இல்லை. ஆனால் எரிபொருளுக்காகவே விளைவித்த கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் வயலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், மேலே பார்த்த 3–5 கிலோவில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். என் பார்வையில் இது பெரிய ஓட்டை.

ஓட்டை இருந்தாலும் அதன் வழியே பெரிதாக எதுவும் நுழைய முடியாது என்பது வேறு விஷயம். நிலக் கணக்கு இடம் கொடுக்காது. ஹெக்டேருக்கு 80 டன் கரும்பு என்ற இந்திய சராசரியில், ஒரு ஹெக்டேர் ஆண்டுக்கு 0.8 டன் ஹைட்ரஜன்கூடத் தராது. 50 லட்சம் டன் இலக்கை எத்தனால் வழியே எட்ட 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் வேண்டும். இந்தியாவில் மொத்தக் கரும்புப் பரப்பே 55 முதல் 60 லட்சம் ஹெக்டேர்தான். காபி குடிக்கச் சர்க்கரை இருக்காது. அதே ஒரு ஹெக்டேரில் சூரியத் தகடு பதித்து அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் ஆண்டுக்கு 15 டன் அளவுக்கு ஹைட்ரஜன் கிடைக்கும், அதற்குத் தரிசு நிலமே போதும்.

மொலாசஸுக்குத் தனி நிலம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் அந்த எத்தனாலில் பெரும்பகுதி பெட்ரோலில் 20 சதவீதக் கலப்புக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. மழை பொய்த்த 2023இன் டிசம்பரில், சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில், கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அரசே கட்டுப்பாடு விதித்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஹைட்ரஜனுக்காக இன்னொரு வரிசை நிற்க முடியாது.

எச்சத்தில்தான் இடம் இருக்கிறது. இந்தியாவில் தீவனத்துக்கும் அடுப்புக்கும் போக மிஞ்சும் பயிர் எச்சம் ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் என்பது அரசின் மதிப்பீடு. பத்து கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் 50 லட்சம் டன் ஹைட்ரஜனுக்கு 5 கோடி டன் போதும். காகிதத்தில் தாராளமாக இருக்கிறது. ஆனால் அரசு முதல் சுற்றில் ஊக்கத்தொகைக்காக ஏலம்விட்ட 4.5 லட்சம் டன் திறனில் பயோமாஸுக்கு ஒதுக்கியது 40,000 டன் மட்டுமே. அதற்கே ஆண்டுக்கு 4 லட்சம் டன் காய்ந்த எச்சம் வேண்டும். பஞ்சாபில் நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடையில் கிடைப்பது மூன்று வாரம்தான். அதற்குள் வைக்கோலைச் சுருட்டி, கட்டி, நனையாத கிடங்கில் ஏற்றி, மீதி பதினொரு மாதமும் உலைக்கு அளந்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் காற்றையே சுமந்து செல்லும் வைக்கோல் லாரிக்கு டீசல் போட்டு, ஒரு டன்னுக்கு விவசாயிக்கு என்ன விலை கொடுக்க முடியும் என்பதில்தான் இப்போது இந்தத் தொழில் நிற்கிறது. வைக்கோலை வயலிலேயே எரித்துவிடத் தீக்குச்சி கிழிப்பதைவிட அந்த விலை அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.